அண்ணையின் சம்மதம்

கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். அண்ணை எதிர்க் கதிரையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் என் மனைவி பிரமிளா மீன் பொரிக்கும் சத்தம் கேட்டது.

"என்னவாம்?"

"வியாழக்கிழமை பத்தரைக்கு வரட்டாம்."

"உதுக்கே இவ்வளவு நேரம் வாசிச்சனீ?"

கடிதம் ஒன்றரைப் பக்கம். அண்ணைக்கு ஊசி போடும் கிளினிக் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய டொக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். புதிய டொக்டர் ஒரு பெண். சென்ற மாதம் எடுத்த ஸ்கானில் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் மெலிந்திருப்பது தெரிகிறது, அதைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு ஒரு வரி: நீங்கள் அறிந்திருப்பதுபோல இந்தச் சிகிச்சை முழுக்க உங்கள் சம்மதத்தின்பேரில் நடப்பது, நீங்கள் விரும்பும் எந்த நேரத்திலும் நிறுத்தலாம். கடைசியில் இன்னொன்று: தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார், குடும்பத்தினரை இனிமேல் மொழிபெயர்க்க விடுவதில்லை.

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அண்ணை அதைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

"லைசன்ஸ் ஆவணியோடை முடிஞ்சுது. புரொபேஷன்காரனும் கையைக் குடுத்து அனுப்பிப்போட்டான்" என்றார். "ஊசி மட்டும் ஏன் முடியேல்லை? கோட்டுக்கு உது தெரியாதோ?"

"வியாழக்கிழமை கேப்பம்" என்றேன்.

அண்ணையை மணியம் வீட்டு மகாலிங்கம் என்றால் லண்டனில் ஒரு காலத்தில் நிறையப் பேருக்குத் தெரியும். மினிகாப் ஓடினார். இரண்டாயிரத்து மூன்றில் அவருடைய காரில் ஏறிய இரண்டு பெண்களிடம், இரண்டு வேறு நாட்களில், செய்யக் கூடாததைச் செய்தார். ஆறு வருடத் தண்டனை. நாலு வருடம் உள்ளே இருந்துவிட்டு, இரண்டாயிரத்து ஏழில் மிச்சத்தை லைசன்ஸில், அதாவது கண்காணிப்பின்கீழ், கழிக்க வெளியே வந்தார். வடலண்டன் எட்மண்டனில் ஒரு அறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. ஞாயிற்றுக்கிழமைகளில் செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஊசி இருந்தபடியால்தான் சாப்பாடு இருந்தது. அவர் வெளியே வருமுன்பே பிரமிளா அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய தங்கை அன்பரசி எங்களோடுதான் இருக்கிறாள். "உங்கட அண்ணை மருந்து எடுக்கிறார் எண்டால் வரட்டும். இல்லாட்டி இந்த வாசல் மிதிக்கேலாது."

அந்த ஊசி நீதிமன்றம் போட்ட கட்டளை என்று பிரமிளா நம்பினாள். அண்ணையும் அப்படித்தான் நம்பினார். இரண்டு பேருக்கும் அதைச் சொன்னவன் நான்.

நான் எப்படி அதைச் சொன்னேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் மற்றவர்களின் கடிதங்களை வாசித்து வருகிறேன். தொண்ணூற்றொன்றில் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் அகதி விண்ணப்பம் பற்றி ஹோம் ஒஃபிஸிலிருந்து கடிதம் வரும், வாசிக்க நான் ஒருவன். தொடக்கத்தில் வரி வரியாகச் சொன்னேன். தேவராசாவுக்கு வந்த ஒரு கடிதத்தில், நீங்கள் விரும்பினால் மேலதிக விபரம் அனுப்பலாம் என்று இருந்தது. அதை அப்படியே சொன்னேன். அவன் நாலு நாள் நித்திரை கொள்ளவில்லை. "விரும்பினால் எண்டா என்ன? விரும்பாட்டிப் பிடிச்சு ஏத்திப் போடுவாங்களோ? அவங்கள் மனசுக்குள்ளை எதை நினைச்சுக் கேக்கிறாங்கள்?" என்று என்னைத் துளைத்தான். அதற்குப் பிறகு நான் 'விரும்பினால்', 'முடிந்தால்', 'செய்யலாம்' எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "ரெண்டு படம் அனுப்பட்டாம். சைன் வைக்கட்டாம். செவ்வாய்க்கிழமை வரட்டாம்." எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அரசாங்கம் அனுப்பும் தாள் என்றால் அது கட்டளை. அதில் கேள்வி இருக்கும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது ஒரு கவுன்சிலில் ஹவுசிங் பெனிபிட் பகுதியில் வேலை. அங்கேயும் தமிழ்ச் சனம் வந்தால் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டாயிரத்து ஏழு கார்த்திகையில் கிளினிக் அறையில் நடந்ததை இப்படி யோசித்தால் பழக்கதோஷம் என்று சொல்லலாம்.

கிளினிக்கில் முதலில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத்தான் ஒழுங்கு செய்தார்கள். அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். "ஆர் வந்தாலும் நாளைக்குக் கோயில்லை காணுற முகமாத்தான் இருக்கும். நீ வா." இரண்டு தடவை அதனால் நாள் தள்ளிப்போனது. மூன்றாம் தடவை டொக்டர் அரைமனதோடு என்னை ஒத்துக்கொண்டார். வயதான மனிதர், மெதுவாகப் பேசினார். இந்த நாட்டுச் சட்டப்படி எந்த நீதிமன்றமும் இந்த மருந்தை ஒருவர்மீது திணிக்க முடியாது, வேறு சில நாடுகளில் முடியும், இங்கே முடியாது என்றார். உன் அண்ணன் மறுத்தால் அதற்காக அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள் என்றார். இந்த மருந்து ஆண் ஹோர்மோன் சுரப்பைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், உடம்பு சூடேறும், மார்பு பருக்கலாம், எலும்பு மெலியலாம் என்றார். இதெல்லாம் அவருக்கு விளங்கிய பிறகுதான் நான் கையெழுத்து வாங்குவேன் என்றார்.

நான் அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"கோட்டிலை முடிவெடுத்திருக்காம். மூண்டு மாசத்துக்கு ஒரு ஊசி. கொஞ்சம் வெக்கையா இருக்குமாம். சைன் வைக்க வேணும்."

அண்ணை பேனையை எடுத்தார். பிறகு நிமிர்ந்து, "எத்தினை வருஷத்துக்கு?" என்று கேட்டார்.

அதை நான் டொக்டரிடம் சரியாகவே கேட்டேன். அது அவரைப் பொறுத்தது என்றார் டொக்டர்.

"அது இன்னும் சொல்லேல்லையாம்" என்றேன் அண்ணையிடம்.

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வந்ததும் பழக்கதோஷம் என்ற விளக்கம் நின்றுவிடுகிறது. அந்த வருடக் கோடையில் ரயிலில் கிடந்த இலவசப் பத்திரிகைகளில் அரசாங்கம் இப்படியானவர்களுக்கு மருந்து கொடுக்கப் போகிறது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வாசித்து, இது சட்டம்தான் என்று எனக்குள் ஏற்கனவே பதிந்துவிட்டதோ என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் டொக்டர் இல்லை என்று தெளிவாகச் சொன்னாரே. பிரமிளாவின் வாசலுக்காகச் செய்தேனா? அண்ணை ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் இருக்க வேண்டும் என்று செய்தேனா? அல்லது என் அண்ணையைக் கண்டு எனக்கே பயமா? எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது கொஞ்சத் தூரம் வருகிறது, பிறகு வருவதில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் பிரமிளாவிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கோட்டு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அவர் சம்மதிச்சுப் போடுற ஊசியோ?"

"சம்மதிக்கேல்லை. சம்மதமெண்டால் அவரை ஓமோ எண்டு கேட்டிருக்க வேணும். நான் கேக்கேல்லை."

அவள் கையிலிருந்த துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள்.

"ரெண்டு வருஷமா எனக்கும் அதைத்தானே சொன்னனீங்கள். அரசாங்கம் பாத்துக்கொள்ளுது, அரசாங்கம் பாத்துக்கொள்ளுது எண்டு. நான் அந்தாளுக்குச் சோறு போட்டதே அந்த அரசாங்கத்தை நம்பித்தான்."

"தெரியும்."

"இப்ப சொல்லிப்போட்டு என்ன செய்யப் போறீங்கள்? அவருக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவார். ஆர்தான் நிப்பாட்டாயினம்?" மடித்த துவாயைக் கூடைக்குள் வைத்தாள். "ஆனா எலும்பு உருகுதெண்டும் சொல்லுறீங்கள். ஒரு மனுசன்ரை உடம்பு. ஐயோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வியாழக்கிழமை அவங்களே சொல்லட்டும், விடுங்கோ. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கோ."

"ஆரோ தெரியாத ஆள் ஃபோனிலை சொல்லி அவர் அறியக் கூடாது."

"அதை ரெண்டு வருஷத்துக்கு முதல் யோசிச்சிருக்கோணும்" என்றாள். உடுப்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு எட்மண்டனுக்குப் போனேன். ஐப்பசி மாதக் குளிரில் அண்ணை யன்னலைத் திறந்துவிட்டு, பெனியனோடு இருந்தார். நெற்றி நனைந்திருந்தது.

"என்னடா, வேலை நாளிலை? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை. சும்மா வந்தனான்."

"சும்மா வாற ஆளே நீ? இரு, தேத்தண்ணி போடுறன். இந்த வெக்கை இருக்கே, கீழ் வீட்டு மனுசி மெனோபோஸ் எண்டு புலம்புறவ. நான் சொன்னன், எனக்கும்தான் எண்டு. பகிடியெண்டு நினைச்சுச் சிரிக்கிறா."

தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே கட்டிலில் இருந்தார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணையோடு பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். சிறையில் பார்க்கப் போன நாட்களிலும் பாதி நேரம் பேசாமல்தான் இருப்போம். அன்றைக்கு அந்தப் பழக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

"அண்ணை, அந்த ஊசி கோட்டு ஓடர் இல்லை."

அவர் கோப்பையை வாயருகில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நீங்கள் ஓமெண்டாத்தான் போடுவினம். வேண்டாமெண்டா நிப்பாட்டலாம். அண்டைக்கும் அப்பிடித்தான்."

"இப்ப மாத்தினவங்களோ?"

"இல்லை. முதலிலையிருந்தே."

"அந்தக் கிழவன் அண்டைக்கு இதைச் சொன்னவனோ?"

"சொன்னவர்."

"நீ?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று கிளம்பிப் போனது. திட்டுவார், கோப்பையை எறிவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னை ஒரு தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எட்டு ஊசி" என்றார் கடைசியில். "ஒவ்வொருக்காலும் குத்தேக்கை, சரி, இது அந்த ரெண்டு பிள்ளையளுக்கும் நான் படவேண்டியது எண்டு நினைச்சனான். ஆரோ ஒரு நீதவான் யோசிச்சு, இவனுக்கு இவ்வளவு சரியெண்டு தந்தது எண்டு. நீ தந்ததோ?"

"அண்ணை..."

"நீ எனக்கு நீதவானோ?"

அவர் எழுந்து யன்னலைச் சாத்தினார், திரும்பத் திறந்தார்.

"இன்னொண்டையும் சொல்ல வேணும். பொய் சொல்லக் கூடாது. இந்த ரெண்டு வருஷம் தலைக்குள்ளை சத்தம் இல்லை. முந்தி இருந்த கரைச்சல் இல்லை. றோட்டாலை நடந்து போவன், ஒண்டும் நினைக்கமாட்டன். அது நல்லதுதானே. ஆனா வேற ஒண்டும் இல்லை. ஆளில்லாத வீடு மாதிரி. உள்ளை இருக்கிறது நான்தானோ எண்டும் தெரியேல்லை." மார்பைப் பெனியனோடு சேர்த்துப் பிடித்துக் காட்டிவிட்டு விட்டார். "நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"தெரியாதண்ணை."

"நீதானே வழமையாச் சொல்லுறனீ."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்துங்கோ என்று சொன்னால் பிரமிளா, அன்பரசி, தெருவில் போகும் யாரோ பெண்கள். போடுங்கோ என்று சொன்னால் அந்த எலும்புகள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டும்போல இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கிளினிக்கில் டொக்டர் மேசையின் நடுவில் தொலைபேசியை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். இளம் பெண். நான் அறையில் இருக்கலாமா என்று அண்ணையிடம் கேட்கும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். "இருக்கட்டும்" என்றார் அண்ணை. தொலைபேசியில் வந்தது தமிழ்நாட்டுப் பெண்குரல். கோயிலில் காணும் முகமாக இருக்காது என்பதில் அண்ணைக்குக் கொஞ்சம் ஆறுதல், தோள் இறங்கியது.

"சார், இந்த ஊசி கட்டாயம் கிடையாதுன்னு டாக்டர் சொல்றாங்க. கோர்ட் உத்தரவு எதுவும் இல்ல. உங்க எலும்பு மெலிஞ்சிருக்கு. தொடர்ந்து போட்டுக்கறதா இருந்தா எலும்புக்குத் தனியா மருந்து தருவாங்க. வேணாம்னா நிறுத்திடலாம். நிறுத்தினா பழைய எண்ணங்கள் திரும்ப வரலாம், அதுக்கு வேற மாதிரி உதவி இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கறாங்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று டொக்டர் தொலைபேசியைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தங்கச்சி" என்றார் அண்ணை தொலைபேசியிடம். "ரெண்டாயிரத்தேழிலை நான் ஓமெண்டு சொன்னதெண்டு எழுதியிருக்கோ எண்டு கேளுங்கோ."

டொக்டர் கம்ப்யூட்டரில் தேடினார். எழுதியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, எல்லாம் விளக்கப்பட்டது என்று குறிப்பும் இருக்கிறது என்றார்.

"சைன் என்ரைதான். ஆனா அது கோட்டு ஓடர் எண்டுதான் எனக்குச் சொன்னவை. அதையும் எழுதச் சொல்லுங்கோ."

"யார் அப்படிச் சொன்னாங்க சார்?"

அண்ணை சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் அறிவித்தலை வாசிப்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தொலைபேசிக் குரல் அதைத் தமிழில் அண்ணைக்குத் திருப்பிச் சொன்னது: "நான்தான் சொன்னேன்னு உங்க தம்பி சொல்றார் சார்." என் வாக்கியத்தை இன்னொருவர் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டொக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா, குழப்பமா என்று தெரியவில்லை. இது மிகவும் பாரதூரமானது, இதை எழுதி மேலே அறிவிக்க வேண்டும், உன் அண்ணன் விரும்பினால் முறைப்பாடு செய்யலாம் என்றார். இன்றைக்கு ஊசி போடமாட்டேன், அவர் யோசிக்கட்டும், முடிவெடுக்க நாள் குறிக்கவில்லை என்றார். பிறகு என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார். அவர்கள் மூவரும் உள்ளே நாற்பது நிமிடம் பேசினார்கள்.

வெளியே வந்ததும் அண்ணை என்னைக் கடந்து நடந்தார். பஸ் தரிப்பில்தான் நின்றார்.

"நான் உன்ரை பேரைச் சொல்லேல்லையே. ஏன் சொன்னனீ?"

"தெரியாது."

"உனக்கு எதுதான் தெரியும்?" என்றார். பஸ் வந்தது. "நீ அடுத்ததிலை வா."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தார்.

"கிளினிக்குக்குப் போயிட்டு வந்தன். தனிய. அந்தப் பெட்டை ஃபோனிலை வந்தவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னன்."

"என்னெண்டு?"

"அது எனக்கும் டொக்டருக்கும். ஆருக்கும் சொல்லத் தேவையில்லையாம். கேட்டுப்போட்டன்."

"பிரமிளா கேப்பாள் அண்ணை."

"கேக்கட்டும். நீ அவவுக்கு ஒண்டும் சொல்லேலாது. உனக்குத்தான் தெரியாதே" என்றார். சிரித்ததுபோலவும் இருந்தது.

பிரமிளாவிடம் அப்படியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப ஊசி போட்டவரோ இல்லையோ எண்டு தெரியாமல் கதவைத் திறக்கட்டோ?"

"தெரியாது."

"எனக்கு ஏலாது. கோவத்திலை சொல்லேல்லை. முந்தி ஊசியை நம்பினன். இப்ப ஊசியையும் நம்பேலாது, உங்களையும் நம்பேலாது. நீங்கள் போங்கோ. நான் சோறு கட்டித் தாறன்."

ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பார்சலோடு எட்மண்டனுக்குப் போனேன். அண்ணை கதவைத் திறந்து, பார்சலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு பீங்கான் எடுத்து வைத்தார். போட்டிருப்பாரா, இல்லையா என்று அவர் உடம்பில் தேடிக்கொண்டே சாப்பிட்டேன். தேடிப் பயனில்லை. கடைசியாகப் போட்ட ஊசியே இன்னும் உடம்பில் இருக்கும். எதைக் கண்டாலும் அது எதற்கும் சாட்சி இல்லை.

பாதிச் சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தினார்.

"அந்த ரெண்டாவது பிள்ளை கோட்டிலை எழுதி வாசிச்சவ எல்லோ. எனக்கு அண்டைக்குக் காது அடைச்சுப்போச்சு. மொழிபெயர்த்தவன் சொன்னது ஒண்டும் ஏறேல்லை. பேந்து உன்னட்டைக் கேட்டனான். மனம் நொந்து போனாவாம் எண்டனீ."

"ஓம்."

"அவ்வளவுதானோ சொன்னவ?"

அவ்வளவு அல்ல. அவள் பதினைந்து நிமிடம் வாசித்தாள். நான் பின்வரிசையில் இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். ஆறு வருடமாகியும் ஒன்றும் மறக்கவில்லை.

"முழுக்கச் சொல்லவோ?"

"முழுக்கச் சொல்லு."

சொன்னேன். அந்த நாளில் தான் போட்டிருந்த பச்சை நிறக் கோட்டை அவள் பழைய உடுப்புக் கடையில் கொடுத்துவிட்டாள். சில மாதம் கழித்து பஸ்ஸில் வேறொரு பெண் அதைப் போட்டுக்கொண்டு ஏறினாள். பொத்தான் ஒன்று வேறு நிறம், அது அவளே தைத்தது. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், இதைப் போடாதே என்று சொல்ல வேண்டும்போல இருந்ததாம். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் அடுத்த தரிப்பில் இறங்கி மழையில் நின்றாளாம். அதற்குப் பிறகு வேலைக்கு நடந்தே போனாளாம். தாயிடம் பஸ் வருவதில்லை என்று பொய் சொன்னாளாம். நான் எதையும் விடவில்லை. அவள் இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்ததையும் சொன்னேன்.

அண்ணையின் விரல்களில் சோறு காய்ந்துபோயிருந்தது.

"பிறகு?" என்றார்.

"பிறகு நீதவானுக்கு நன்றி சொல்லிப்போட்டு இருந்திட்டா."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். நானும் சாப்பிட்டேன். அவர் கேட்டார் என்பதற்காகத்தான் அதைச் சொன்னேனா, அல்லது அடுத்த முறை அந்தத் தொலைபேசிக் குரல் கேட்கும்போது அவர் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் இன்னும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைக் கூர்ந்து பார்ப்பதைப் பார்த்தால், அவருக்கும் அதே சந்தேகம் இருந்ததுபோலப் பட்டது.

"மீனைப் போட்டுக்கொள்" என்றார்.